சோக்கும் காப்பியும்

அம்பாஸடர் ஃபேக்டரியில் 2014-ல் நின்றது. கிழடுதட்டிய சில வண்டிகளோ கிணத்துக்கடவு ரோட்டில் தினமும் நிற்கின்றன! பொன்மலை முருகனை அப்புறம் கூப்பிடுங்கள், முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. மத்தியான வெயிலில் மட்டும் இந்தத் தகராறென்றால், பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகியிருக்கும். ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள்.

நனைந்திருந்தால் கரண்ட் இல்லை, அல்லது பெட்ரோல் ஜாஸ்தி. எங்கூர் மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "ஏனுங் தம்பி, சோக்கு காலங்காத்தால குடிக்கிற காப்பிங். நாள்பூரா ஊத்துனா வவுறு கெடாதுங்களா?" வண்டி சூடானதும் சோக்கை உள்ளே தள்ளுங்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைகிறதா? கார்புரேட்டரில் அழுக்கு, இல்லாவிட்டால் ஐட்லிங் குறைவு. சுத்தம் செய்து, திருகாணியைத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். எடுத்த எடுப்பில் "இஞ்சினையே இறக்கணும்" என்பவருக்கு உங்கள் சம்பளத் தேதி தெரிந்திருக்கிறது!