யார் விட்ட புகை?

'பீடி குடிப்பியா?' நுரையீரல் புற்றுநோய் என்றதும் நம்ம சனங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. கேட்கட்டும். இந்த நோய்க்குப் பெரிய காரணம் புகையிலைதான், மறுக்கவில்லை. ஆனால் விசாரணை ஏன் அதோடு முடிந்துபோகிறது? அங்கேதான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

என் பெரியம்மா பீடியைக் கையால் தொட்டதில்லை. முப்பது வருசம் கொடுங்கையூர் குப்பைமேட்டு ஓரத்தில் குடித்தனம். எரியுற குப்பையில இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கித்தான் மூணு புள்ளைங்கள ஆளாக்குனாங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 'பழக்கம் ஏதுமில்லை' என்று சீட்டில் எழுதினார்கள். எங்க குடியிருக்கே, என்ன வேலை செய்யுறே என்று ஒருத்தர் கேட்கவில்லை. 'விதிம்மா' என்று அனுப்பிவிட்டார்கள்.

எது விதி? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012இல் உறுதியாகச் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. 2013இல் வெளிக்காற்று மாசையும் அதே பட்டியலில் சேர்த்தது. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு நுரையீரலின் அடிவரைக்கும் இறங்குகிறது. வயசாக ஆக உடம்பில் சில செல்கள் பழுதாகித் தூங்கிக் கிடக்கும். வருசக்கணக்காகப் படியும் தூசு அழற்சியை உண்டாக்கி அவற்றைத் தட்டி எழுப்புகிறது என்று லண்டன் விஞ்ஞானிகள் 2023இல் எழுதினார்கள்.

'இந்தப் புகையாலதான் வந்துச்சுன்னு நிரூபி' என்பார்கள். எந்த ஒரு பீடியைக் காட்டி நிரூபித்தீர்கள்? ஆனாலும் 2009லிருந்து பீடிக்கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் போடவில்லையா? புகைபோக்கி மேல என்ன படம் போட்டிருக்கீங்க?

நுண்தூசு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசு 2009இல் வைத்த வரம்பு 40. எட்டு மடங்கு! அந்த எட்டு மடங்கை யார் மூச்சில் ஏற்றுகிறார்கள்?

காற்று எல்லோருக்கும் பொது என்பது பச்சைப் பொய். ஊருக்கு ஒரு காற்று, சேரிக்கு ஒரு காற்று. நிலக்கரி எரிக்க எண்ணூர், அத்திப்பட்டு. குப்பை கொட்டக் கொடுங்கையூர். போயஸ் தோட்டத்தில் ஏன் கொட்டவில்லை? பீடியை விட்டுடலாம்; மூச்சை விட்டுட முடியுமா?

தோழர்களே, ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் குடியிருந்த இடமும் செய்த வேலையும் ஏறட்டும். எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கு வெளியே வரட்டும். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று 2025இல் வடசென்னை மக்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் சலுகை கேட்கவில்லை. இந்த நகரத்தின் குப்பையை எங்க நெஞ்சுல எரிக்காதே என்றார்கள். அதை எழுதாத பேனா நமக்கு எதுக்கு?