நூறு கிராமும் பதினைந்து கிலோவும்

2024 ஆகஸ்ட் 7 காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்தின் எடை 50 கிலோ வரம்பைவிட 100 கிராம் அதிகமாக இருந்தது. முந்தைய நாள்தான் டோக்கியோ சாம்பியன் யூய் சுசாகியை வீழ்த்தி, இறுதிப் போட்டிவரை முன்னேறியிருந்தார். விதிப்படி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். எடையைக் குறைக்க இரவெல்லாம் பாடுபட்டதையும், தலைமுடியைக்கூட வெட்டியதையும் இந்திய அணியின் மருத்துவர் சொன்னார். அன்றே நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் ஒரு நடிகை, எடையைக் கட்டுக்குள் வைக்கப் பெண்களுக்கெல்லாம் இது ஒரு பாடம் என்றார். ஒரு விளையாட்டு விதியைப் பற்றிய கேள்வி, ஒரே நாளில் பெண்ணின் வாய்க்கட்டுப்பாடு பற்றிய உபதேசமாக மாறிப்போனது.

எடைப் பிரிவுகள் கூடாது என்று நான் சொல்லவில்லை. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் கலப்புத் தற்காப்புக் கலையிலும் அவை வேண்டும். 50 கிலோ உடம்பின் மீது 75 கிலோ உடம்பின் குத்து விழுந்தால் திறமை காப்பாற்றாது, மூளைதான் அடிபடும். சிறிய உடம்புள்ளவருக்கும் மேடையில் இடம் தந்தது இந்த ஏற்பாடுதான். என் கேள்வி வேறு: எத்தனை பிரிவு, எந்த எடையில், யாருக்கு என்பதை யார் முடிவு செய்தார்கள்?

பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலில் நுழைந்தது 2012இல், லண்டனில். ஆண்களுக்கு 10 பிரிவுகள், பெண்களுக்கு 3: 51, 60, 75 கிலோ. ஆண்கள் 250 பேர், பெண்கள் 36 பேர். 60 கிலோவுக்கும் 75 கிலோவுக்கும் நடுவில் ஆண்களுக்கு 64, 69 என்று இரண்டு படிகள் இருந்தன. பெண்களுக்கு 15 கிலோ வெட்டவெளி. 66 கிலோ பெண் என்ன செய்வாள்? ஆறு கிலோவை உருக்க வேண்டும், இல்லையென்றால் தன்னைவிட ஒன்பது கிலோ கூடுதலானவளிடம் அடி வாங்க வேண்டும்.

மேரி கோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஐந்து முறை உலக சாம்பியன். அந்தப் பட்டங்கள் எல்லாம் 45 முதல் 48 கிலோவுக்குள் வென்றவை. லண்டனில் ஆண்களுக்கு 49 கிலோ பிரிவு இருந்தது. 48 கிலோ ஆணுக்கு இடம் உண்டு, 48 கிலோ பெண்ணுக்கு இல்லை. அவர் 51 கிலோவுக்கு ஏறிப் போய், அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலத்துடன் திரும்பினார். நாம் அதைத் தாயின் தியாகக் கதையாக மாற்றிக் கொண்டாடினோம். அந்த மூன்று கிலோவை அவர் மீது ஏற்றியது யார் என்று கேட்கவில்லை.

மேல்பக்கமும் இதே கதைதான். பாரிஸில் ஆண்களின் கடைசிப் பிரிவு 92 கிலோவுக்கு மேல், உச்சவரம்பே கிடையாது. பெண்களுக்கு 75 கிலோவோடு கதவு சாத்தப்பட்டது. யுஎஃப்சி மேடையில் ஆண்கள் 265 பவுண்டுவரை மோதுகிறார்கள். பெண்களுக்கு 145 பவுண்டு பிரிவு ஒன்று பெயருக்கு இருந்து, 2023இல் அமாண்டா நூனஸ் ஓய்வு பெற்றதோடு ஆளில்லாமல் போனது. மீதி இருப்பதில் உச்சம் 135 பவுண்டு, அதாவது 61 கிலோ. பெரிய உடம்புள்ள ஆண் மேடைக்கு வந்தால் அவன் 'ஹெவிவெயிட்', கூட்டத்தின் நாயகன். பெரிய உடம்புள்ள பெண்ணுக்கு அந்தச் சொல்லே வசவு.

'அந்த எடையில் போட்டியிடப் பெண்கள் குறைவு' என்பது வழக்கமான பதில். பிரிவு இல்லாத எடைக்கு யார் பயிற்சி தருவார்கள், யார் உதவித்தொகை தருவார்கள்? பதக்கம் இருக்கும் இடத்துக்குத்தான் பணம் போகும். கதவைப் பூட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

'ஆண்களும்தானே எடை குறைக்கிறார்கள்' என்பது இன்னொரு பதில். உண்மைதான், அதனால் செத்தும் இருக்கிறார்கள். 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வார இடைவெளியில் இறந்தார்கள். 2015இல் சீன வீரர் யாங் ஜியான் பிங் 21 வயதில் இறந்தார். அதன் பிறகு விதிகள் மாறின. ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கியது. ஆக, விதியை மாற்ற முடியும். வினேஷின் வழக்கில், மாதவிடாய்க்கு முன் உடல் நீரைத் தேக்குவதும் அந்த 100 கிராமுக்கு ஒரு காரணம் என்று வாதிடப்பட்டது. விளைவு மிகக் கொடுமையானது என்று நடுவரே ஒப்புக்கொண்டும் மேல்முறையீடு தள்ளுபடியானது. வேறு சில சர்வதேசப் போட்டிகளில் இதே மல்யுத்தக் கூட்டமைப்பு 2 கிலோவரை சலுகை தருகிறது. ஒலிம்பிக்கில் 100 கிராமுக்கு இடமில்லை.

தமிழில் ஒருவரை 'எடைபோடுவது' என்றால் மதிப்பிடுவது என்று பொருள். பெண் விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்களும், பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் வருகிற சொந்தக்காரர்களும் தராசு இல்லாமலே எடைபோடுகிறார்கள். அந்தக் கண்தான் வினேஷின் 100 கிராமை ஒழுக்கக்குறைவாகப் பார்த்தது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸில் குத்துச்சண்டையில் ஆணுக்கு 7, பெண்ணுக்கு 7 என்று ஆகப்போகிறது. மூன்றிலிருந்து ஏழுக்கு வர 16 ஆண்டுகள். எண்ணிக்கை சமமானால் மட்டும் போதாது. வரம்பில்லாத மேல்பிரிவு பெண்களுக்கும் வேண்டும். நீரை வற்றவைத்து எடை காட்டும் வழக்கத்தை நிறுத்தும் சோதனை எல்லா மேடைகளிலும் வேண்டும். விதி எழுதும் குழுவில் பெண் மருத்துவர்களும் சண்டையிட்ட பெண்களும் இருக்க வேண்டும்.

மாணவிகளே, உங்கள் கல்லூரியின் உடற்கல்வித் துறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: பல்கலைக்கழகப் போட்டியில் ஆண்களுக்கு எத்தனை எடைப் பிரிவு, எங்களுக்கு எத்தனை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.