எளிய செயலி யாருக்கு எளிது?

கேரளத் தலைநகரின் கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம், ஒரு காலத்தில் மின் கட்டணத்துக்கு ஓர் அலுவலகம், குடிநீர்க் கட்டணத்துக்கு வேறோர் அலுவலகம், வீட்டு வரிக்குப் பாளையத்திலுள்ள மாநகராட்சி அலுவலகம் என்று அலைய வேண்டியிருந்தது. 2000 ஜூனில், தோழர் இ.கே. நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு திருவனந்தபுரத்தில் 'ஃபிரண்ட்ஸ்' என்னும் சேவை மையத்தைத் திறந்தபோது அந்த அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. எந்தக் கவுன்டரிலும் எந்தக் கட்டணத்தையும் செலுத்தலாம். கணினியை இயக்கியவர் ஊழியர். மக்கள் கொண்டுவர வேண்டியவை பில்லும் பணமும் மட்டுமே. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு எதிரே ஒரு மனிதர் இருந்தார். கணினியைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்களும் கணினியின் பயனை முழுமையாகப் பெற்றனர்.

இன்று அந்தக் கவுன்டர் கைபேசிக்குள் வந்துவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று முதலமைச்சர் தோழர் பினராயி விஜயன் கொச்சியில் தொடங்கிவைத்த 'கே-ஸ்மார்ட்', முதலில் 6 மாநகராட்சிகளிலும் 87 நகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவு, சொத்து வரி, தொழில் உரிமம், கட்டிட அனுமதி, புகார் மனு அனைத்தும் அதில் அடங்கும். திருமணப் பதிவுக்குத் தம்பதியர் அலுவலகப் படியேறத் தேவையில்லை. காணொளி வழியே அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளலாம். வளைகுடா நாடுகளில் உழைக்கும் பல்லாயிரம் மலையாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை. இதை உருவாக்கியது பன்னாட்டு நிறுவனம் எதுவுமன்று. மக்கள் திட்டத்தின் தொடர்ச்சியாக 1999இல் பிறந்த 'இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்' என்னும் பொதுத்துறை அமைப்பு. குடிமக்களின் தரவுகளைக் கார்ப்பரேட்டுகளின் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டாமலே மின்னாட்சி நடத்த முடியும் என்பதற்கு இது சான்று.

ஆயினும், கவுன்டர் கைபேசிக்குள் வரும்போது ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்கிறது. முன்பு ஊழியர் செய்த வேலையை இப்போது குடிமகன் செய்கிறான். படிவத்தைத் திறப்பதும், ஆவணத்தைப் படம்பிடித்து ஏற்றுவதும், கடவு எண் வரும்வரை காத்திருப்பதும், பிழை என்று திரை சொன்னால் அது என்ன பிழை என்று கண்டுபிடிப்பதும் அவன் பொறுப்பாகின்றன. ஸ்ரீவராகத்தில் தனித்து வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவருக்கு இந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பது, திரையை வடிவமைத்தவர் அவரை மனத்தில் வைத்திருந்தாரா என்பதைப் பொறுத்தது. எழுத்தின் அளவு, பொத்தானின் இடம், ஒரு பக்கத்தில் எத்தனை கேள்விகள், இடையில் தொடர்பு அறுந்தால் எழுதியவை நிலைக்குமா அழியுமா என்பவை பார்வைக்குச் சிறு விஷயங்கள். அவருடைய ஓய்வூதிய விண்ணப்பம் போய்ச் சேருமா சேராதா என்பதை இவையே முடிவு செய்கின்றன.

இத்துறையில் 'பயனர் நேயம்' என்றொரு சொல் புழங்குகிறது. நேயம் எந்தப் பயனரோடு என்பதைப் பற்றி அச்சொல் மௌனம் சாதிக்கிறது. பொருளை வாங்குபவருக்கு உணவு விநியோகச் செயலி மிகவும் எளிது. இரண்டு தொடுதலில் சோறு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதே நிறுவனம் விநியோகத் தொழிலாளிக்குத் தரும் செயலியில், கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதோ, கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்பதோ, யாரிடம் முறையிடுவது என்பதோ அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. திறமைக் குறைவால் நேர்ந்த கோளாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. சந்தாவில் சேர ஒரு பொத்தான், விலக ஒன்பது பக்கம் என்ற வணிகத் தளங்களின் தந்திரமும் இவ்வகையே. இத்தகைய 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்யும் நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. லாபம் எங்கே கிடைக்கிறதோ அங்கே எளிமை. செலவு எங்கே வருகிறதோ அங்கே சிக்கல். முதலாளித்துவச் சந்தையில் வடிவமைப்பின் இலக்கணம் இதுதான்.

ஒன்றிய அரசின் செயலிகள் லாபத்துக்காக அமைந்தவை அல்ல என்று வாதிக்கலாம். ஆனால் அவற்றை இயக்குவது வேறொரு நோக்கம்: ஏழைகளைப் பற்றிய ஐயம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2021இல் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட வருகைப் பதிவுச் செயலியை எடுத்துக்கொள்க. தொழிலாளர்களை நாளொன்றுக்கு இரு முறை, இடக் குறியீட்டுடன் படம்பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. காலையிலேயே வேலையின் அளவை முடித்துவிட்ட பெண்கள் பிற்பகல் படத்துக்காகவே வெயிலில் காத்திருந்தனர். அலைவரிசை கிடைக்காத மலைக் கிராமத்தில் படம் ஏறவில்லையென்றால், வெட்டிய மண் வெட்டப்படாததாகிவிட்டது, கூலி போயிற்று. கைபேசி வாங்கும் செலவும் தரவுக் கட்டணமும் பணித்தளப் பொறுப்பாளரான இன்னோர் ஏழைப் பெண்ணின் தலையில் விழுந்தன. இவ்வளவும் எதற்காக? முறைகேட்டை ஒழிப்பதற்காம். படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குத் தொடர்பில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. முறைகேடு செய்பவர் வழி கண்டுபிடித்துக்கொண்டார். உழைத்தவருக்குத்தான் வழி அடைபட்டது.

அங்கன்வாடி ஊழியர்களின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2021இல் மகாராட்டிரத்தில் அவர்கள் அரசு தந்த கைபேசிகளைத் திருப்பி ஒப்படைத்துப் போராடினர். கருவி பழுதானது, நினைவகம் போதாது, 'போஷன் டிராக்கர்' செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்களின் முறையீடுகள். மராத்தி படித்த பெண்ணிடம் ஆங்கிலத் திரையை நீட்டிவிட்டு, பதிவேற்றவில்லை என்று அவர்மீதே குற்றம் சுமத்துவது என்ன நியாயம்? அதே ஆண்டு, 18 முதல் 44 வயது வரையுள்ளோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள 'கோவின்' தளத்தில் பதிவு செய்வது கட்டாயம் என்றது ஒன்றிய அரசு. கைபேசியும் இணையமும் இல்லாதவர் கதி என்ன என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகே ஜூன் மாதத்தில் இந்திய மொழிகள் அத்தளத்தில் இடம்பெற்றன. முதலில் வந்த மொழிகளின் வரிசையில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்க்கப்பட்டது. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சத்துணவைப் பெறவும் தாய்மார்கள் முகத்தை இயந்திரத்திடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்றாயிற்று. பல ஆண்டுகளாகத் தெருவில் தினமும் பார்க்கும் ஊழியருக்கு அந்தத் தாயை அடையாளம் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்றால் இயந்திரத்தின் சொல்லே செல்லும்.

திரையின் மொழியை மாற்றினால் மட்டும் போதும் என்பதுமன்று. 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரு கட்டங்களைப் போட்டு, இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் என்று சொல்லும் படிவங்கள் இன்னும் ஏராளம். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்துதான் உண்டு. சாதிப் பெயரைத் துறந்தது ஒரு நீண்ட சமூகப் போராட்டத்தின் விளைவு. அந்தப் பெருமைக்குரிய வரலாற்றுக்கு இப்படிவத்தில் கட்டம் இல்லை. ஆதாரில் தந்தையின் முழுப் பெயரும், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தும் இருந்தால், 'விவரங்கள் பொருந்தவில்லை' என்ற ஒரு வரியோடு வருங்கால வைப்பு நிதி நின்றுவிடுகிறது. அந்த வரியும் எப்படிப்பட்ட தமிழ்! 'செல்லுபடியாகாத உள்ளீடு' என்று திரை சொன்னால் பட்டதாரிக்கே ஒரு கணம் தடுமாற்றம். 'பிறந்த ஆண்டை நான்கு எண்களில் எழுதுங்கள்' என்று சொல்லியிருந்தால் யாருக்குத்தான் விளங்காது? ஆங்கிலத்தில் திரையை முடித்துவிட்டு, மீந்த சொற்பட்டியலை மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடும் பழக்கத்தின் பலன் இது. எந்தச் சொல் எந்தப் பொத்தானில் நிற்கும் என்பதுகூட அவரிடம் சொல்லப்படுவதில்லை.

இடதுசாரி அரசின் அணுகுமுறை இதிலிருந்து வேறுபட்டது என்பதற்குக் கண்கூடான ஆதாரம் 'டிஜி கேரளம்'. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிய முயற்சி மாநிலம் முழுவதும் விரிந்து, வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தி, சுமார் 21.87 லட்சம் பேருக்குப் பயிற்சி அளித்தது. கற்பித்தவர்கள் 2.57 லட்சம் தொண்டர்கள். நூறு வயதைக் கடந்தவரும் கற்றார். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட நாளின் நேர் வாரிசு இந்த நாள்.

எனினும் தோழர்கள் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. மக்களுக்குத் திரையைக் கற்பித்தாயிற்று. திரைக்கு மக்களைக் கற்பித்தாயிற்றா? கணினி வடிவமைப்பு பொறியாளர் வேலை, கட்சிக்கும் சங்கத்துக்கும் அதில் என்ன என்று கேட்பவர்கள் அணிகளிலேயே இருக்கிறார்கள். இக்கேள்விக்கு நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை தந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில், 'சிமுலா' என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிறிஸ்டன் நைகார்டை அச்சங்கம் தன் பக்கம் அழைத்துக்கொண்டது. ஆலைக்குள் வரப்போகும் கணினி எப்படி அமைய வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே அவரோடு அமர்ந்து ஆராய்ந்தனர். கணினிமயம் பற்றி முன்கூட்டியே அறியவும் கருத்துச் சொல்லவும் தொழிலாளர்களுக்கு உரிமை தரும் தேசிய உடன்பாடு 1975இல் அங்கே கையெழுத்தாயிற்று. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் 'உடோபியா' என்ற திட்டத்தில் இன்னும் ஒரு படி முன்னேறின. பத்திரிகைப் பக்கம் கட்டும் கணினி கைக்கு வருமுன்பே அட்டையாலும் பலகையாலும் அதன் மாதிரியைச் செய்துவைத்து, அச்சுத் தொழிலாளர் அதன்முன் அமர்ந்து வேலை செய்து பார்த்தனர். எங்கே கை எட்டவில்லை, எங்கே கண் தேடுகிறது என்பது ஒரு வரி நிரல் எழுதுமுன்பே தெரிந்துவிட்டது. உலகெங்கும் வடிவமைப்புக் கல்லூரிகளில் இன்று 'பங்கேற்பு வடிவமைப்பு' என்று பாடமாகச் சொல்லப்படும் முறையின் ஊற்று இந்தச் சங்கங்களே. பாடப்புத்தகங்கள் சங்கத்தை மறந்துவிட்டு அட்டைப் பெட்டியை மட்டும் நினைவில் வைத்திருப்பது வேறு கதை.

கேரளத்தில் இதற்கு வேண்டிய அமைப்புகள் அனைத்தும் ஏற்கெனவே உள்ளன. வார்டு சபைகள், குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள், அக்ஷயா மையங்கள், அங்கன்வாடி ஊழியர் சங்கம். புதிய சேவை ஒன்றை வெளியிடுமுன், அதை ஓர் அயல்கூட்டத்தின் பெண்களிடம் கொடுத்து, உதவி ஏதும் செய்யாமல் அருகில் இருந்து கவனித்தால், ஆலோசனை நிறுவனங்களின் தடித்த அறிக்கைகள் சொல்லாததை அந்த ஒரு பிற்பகல் சொல்லிவிடும். எவ்வளவுதான் செம்மைப்படுத்தினாலும் சிலரால் திரையைப் பயன்படுத்த இயலாது. அவர்களுக்காகக் கவுன்டரும் அதன் பின்னால் நிரந்தர ஊழியரும் இருந்தே ஆக வேண்டும். 'ஆன்லைனில் வந்துவிட்டது' என்று சொல்லிப் பணியிடங்களை வெட்டுவது நவதாராளமயத்தின் வழி. அதை இடதுசாரிகள் பின்பற்ற முடியாது.

சட்டமும் இப்போது மக்களுக்குத் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் கூர்மையானது. வங்கிகளின் மின்னணு அடையாளச் சோதனை 'கண் சிமிட்டுங்கள்' என்று கட்டளையிடுகிறது. அமில வீச்சில் இமைகளை இழந்த பெண் என்ன செய்வார்? இந்த வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகலை 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது.

தமிழ் பேசும் தோழர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு கடமையும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதவும் தம் மொழியிலேயே பதில் பெறவும் உரிமை அளித்தது. தாளில் கிடைத்த அந்த உரிமை திரையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய ஆணையம் எதுவும் தேவையில்லை. தேவிகுளத்தின் தேயிலைத் தோட்டத்திலும் பாலக்காட்டின் எல்லைக் கிராமத்திலும் ஸ்ரீவராகத்தின் தெருக்களிலும் உள்ள கிளைகள், அடுத்த கூட்டத்தில் ஒரு கைபேசியை நடுவில் வைத்து, ஒரு மூத்த தோழரை ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பச் சொல்லிப் பார்க்கலாம். அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறித்து, அந்தக் குறிப்பை வார்டு உறுப்பினர் கையிலும் உள்ளாட்சித் துறை அமைச்சர் அலுவலகத்திலும் சேர்க்கலாம்.