அங்கத்தினர் சம்மதமின்றிப் பட்டியல் தரலாமா?

2021 சட்டமன்றத் தேர்தலின்போது, புதுவை வாக்காளரின் ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண்கள் ஒரு கட்சியின் பிரசாரத்துக்குப் பயன்பட்டன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஆதார் ஆணையம் இதனை ஆராய வேண்டுமென்று நீதிமன்றம் வற்புறுத்தியது.

நம் சங்க அலமாரிகளிலும் ஆதார் நகல்கள் அடுக்கப்பட்டுள்ளன. நெசவாளரும் விவசாயியும் அவற்றைக் கடனுக்காகத் தந்தனரேயன்றி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குக் காட்டுவதற்காகத் தரவில்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு காரியத்துக்கென்று பெற்ற சம்மதம் அதற்கு மட்டுமே செல்லும். அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கலாம்; கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

2025 நவம்பரில் வெளியான விதிகள் இதற்கு 18 மாத அவகாசம் தந்துள்ளன. அதுவரை வாளாவிருக்கலாமென்று சில காரியதரிசிகள் எண்ணுவது எனக்கு உடன்பாடன்று. அலமாரிச் சாவி ஆணியில் தொங்கும் சங்கங்களை ஆய்வுக்குச் செல்லும் நான் கண்டிருக்கிறேன்! அங்கத்தினரின் எழுத்துமூலமான சம்மதமின்றி யாருக்கும் பட்டியல் தருவதில்லையென நிர்வாகக் குழுக்கள் இம்மாதமே தீர்மானம் நிறைவேற்றுக.