படேல் ஷாட்

"குரலற்றவர்களின் குரல்" என்ற தொடர் ஆவணப்பட விழா அழைப்பிதழில் வருகிறது, புகைப்படக் கண்காட்சியின் வாசலில் தொங்குகிறது, விருது மேடையில் கைதட்டல் வாங்குகிறது. ஏழையின் துயரத்தைப் படம் பிடித்து நாலு பேர் பார்க்க வைத்துவிட்டால் அந்த ஏழைக்கு நல்லது செய்தாயிற்று என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. நல்ல மனம் படைத்தவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாகிப் போனவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். பஞ்சம் என்றால் இன்றும் புத்தகங்களில் அச்சாவது அந்தப் படங்கள்தான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், ஆனால் அது யார், எந்த ஊர் என்று தெரியாது. நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டினாரே, அது அந்தப் படத்தில் இல்லை. ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. அதே பஞ்சத்தில் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போன தானியமும் அதில் இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு மழை பொய்த்த பூமியும் நாதியற்ற ஜனங்களும் மட்டும் தெரிகிறார்கள். அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள், படத்தில் பொய் இல்லை. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அரசாங்கம் காமிராவுக்குப் பின்னால், காமிராக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பரிதாபம் வந்து நிறைந்துவிட்டதால் காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1984-இல் பாகிஸ்தானில் இருந்த ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி ஓர் ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் வந்த அந்தப் பச்சைக் கண்களை உலகமே அறியும். அவருடைய பெயர் ஷர்பத் குலா என்பது 2002 வரை உலகத்துக்குத் தெரியாது. தன் முகம் இப்படி ஊர் ஊராகப் போனதை அவரும் அந்த வருடம்தான் முதன்முதலாகப் பார்த்தார். பதினேழு வருடங்கள் அவரை ஓர் இனத்தின் துயரச் சின்னமாக வைத்திருந்தோம். அந்தப் பெண்ணுக்குப் பேச வாய் இருந்தது. போய்க் கேட்டவர்தான் இல்லை.

நல்லெண்ணம் இருந்தால் இது நேராது என்பார்கள். உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூடத்தில் கிராமப் பெண்களைக் கொண்டு 2002-இல் தொடங்கிய பத்திரிகை 'கபர் லகரியா'. அதன் தலித் பெண் செய்தியாளர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. மரியாதையோடு எடுத்த படம் அது. ஆனாலும் 2022-இல் அந்தப் பத்திரிகையே ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் மனதைத் தொடுகிறது, ஆனால் ஏதோ ஒரு கட்சியைப் பற்றி எழுதுவதே எங்கள் முழுநேர வேலை என்பதுபோல் எங்களைக் காட்டியிருப்பது சரியல்ல என்றது. இருபது வருடங்களாகத் தண்ணீரையும் சாலையையும் வன்கொடுமையையும் எழுதிவந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. ஆஸ்கர் வரை போகும் படத்தை மறுத்துப் பேசுகிறவர்களைக் குரலற்றவர்கள் என்று எந்த நாவால் சொல்வது?

வெளியாள் காமிராவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காமிரா எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கத்துப் பஸ்தாபூரில் இருக்கிறார்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள், பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள், வீடியோ எடுக்கக் கற்றார்கள். வாரங்கல் விவசாயிகள் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தியால் பட்ட நஷ்டத்தை ஊர் ஊராகப் போய்ப் படமாக்கினார்கள். 2008-இல் தங்களுக்கென்று 'சங்கம் ரேடியோ' தொடங்கினார்கள். விதையும் சிறுதானியமும் அவர்கள் பேச்சில் அதில் ஒலித்தன.

காமிராக் கோணங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைச் சினிமாக் கல்லூரிகளில் பாடமாக வைக்கவேண்டும். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் அது படேல் ஷாட். ஊர்ப் பண்ணையார் கூலியாளைப் பார்ப்பது அப்படித்தான். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் அடிமை ஷாட். பண்ணையார் முன்னால் நிற்கிறவனின் பார்வை அது. எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேராகக் காமிராவை வைத்தால் சங்கம் ஷாட். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சமமாகத் தரையில் உட்காருகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கிறார்கள், அதனால் அந்தப் பெயர்.

அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஹூப்பரின் படங்களை ஒருமுறை அந்தப் பெண்கள் வைத்த பெயர்களோடு பாருங்கள். பிறகு உங்கள் கண்காட்சிச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். அவற்றில் இருப்பவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, அந்தப் படத்தை அவர்கள் பார்த்துவிட்டார்களா, பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்?