கேட்டது ஒன்று, வந்தது இரண்டு

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்தில் பங்குமக்களோடு நாம் உரையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு குடும்பத்தினர் சற்று ஒதுங்கி நின்று காத்திருந்தனர். தந்தை அச்சகத் தொழிலாளி, தாய் இல்லத்தரசி, மூத்த மகள் சிவகாசியில் ஒரு பட்டாசு மொத்த விற்பனைக் கடையில் பில் எழுதுபவள், இளையவன் ஏழாம் வகுப்பு மாணவன். கூட்டம் கலைந்த பின்னர் தாயார்தாம் முதலில் வாய் திறந்தார்.

“தோத்திரம் சாமி. கைப்பேசி வழியாக ஒரு மிக்சி கேட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அதே மிக்சி இன்னொன்றும் வந்துவிட்டது. பணம் ஒன்றுக்குத்தான் பிடித்திருக்கிறார்கள். இதை நாங்கள் வைத்துக்கொண்டால் பாவமா, சாமி?”

இக்கேள்வியைக் கேட்டதற்காகவே அக்குடும்பத்தை மனத்துள் வாழ்த்தினோம். கேளாமலே பெட்டியைப் பிரித்துவிடுவோர் எத்தனை பேர்! இணையவழிக் கடைகள் நம் சிற்றூர்களின் வாசல்வரை வந்துவிட்ட இக்காலத்தில், இக்கேள்வி எந்த வீட்டிலும் எழக்கூடும். ஆதலால் அன்று பேசியதை இங்கே விரித்து எழுதுகிறோம்.

தாயார் தம் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். “நாங்கள் திருடவில்லையே, அதுவாகத்தானே வந்தது? அந்தக் கம்பெனிக்கு இது கடலில் ஒரு துளி. காணாமல் போனது கூடத் தெரியாது. கேட்காமல் வந்த பொருள் நமக்கே சொந்தம் என்று சட்டமே இருக்கிறதாம், கைப்பேசியில் படித்தேன். என் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீர்வரிசைக்கு ஆகும் என்று பார்த்தேன்.”

முதல் நியாயத்தைப் பார்ப்போம். திருடாதது உண்மை. ஆனால் பிறர் பொருளைப் பறிப்பது மட்டுமன்று, பிறருடையது என்று அறிந்தும் அதைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வதும் ஏழாம் கட்டளைக்கு எதிரானதே. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இரவல் வாங்கிய பொருளையும் பிறர் தவறவிட்ட பொருளையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்வதை இக்கட்டளையின் கீழேயே (எண் 2409) எடுத்துரைக்கிறது. தவறி வந்த பொருள் நம் வாசலுக்கு வந்ததால் நம்முடையது ஆகிவிடாது. அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு நம் தொழுவத்தில் வந்து படுத்தால், ஆடு நம்முடையதாகுமா? வழி தவறிய மாட்டையும் கழுதையையும், அவை பகைவனுடையவையே ஆயினும், அவனிடமே திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும் என்று விடுதலைப் பயண நூல் (23:4) கட்டளையிடுகிறது. பகைவனுக்கே இந்நீதி உண்டெனில், முகமறியாக் கடைக்காரருக்கு இல்லையா?

மூன்றாவதாகச் சொன்ன சட்டத்தையும் இங்கேயே தெளிவாக்கிவிடுவோம். அமெரிக்காவில் கேளாத சரக்கை அஞ்சலில் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்டு நச்சரிக்கும் வணிகர்களின் தந்திரத்தை ஒடுக்க 1970-இல் ஒரு சட்டம் வந்தது. அவ்வாறு வந்த சரக்கை அன்பளிப்பாகவே கொள்ளலாம் என்பது அதன் விதி. அந்நாட்டுச் செய்திதான் கைப்பேசியில் நம் ஊர்வரை வந்துவிட்டது. நம் நாட்டு நிலை வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகப் பணத்தையோ பொருளையோ பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறது.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து, சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வந்து விழுந்தது. எவரோ ஏமாற்றுகிறார் என்று எண்ணிய அவர், சோதித்துப் பார்க்க ஒரு நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்ப, அது சென்று சேர்ந்தது. சற்று நேரத்தில் மீதித் தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அது அவருடைய பணம் என்று யாரும் சொல்லவில்லை. 9,000 கோடிக்கு உள்ள நீதிதான் ஒரு மிக்சிக்கும்.

இனி, “பெரிய கம்பெனிக்கு என்ன நட்டம்” என்னும் இரண்டாம் நியாயம். பலர் மனத்திலும் வேரூன்றியிருப்பது இதுவே. இதற்கு மறுமொழி சொல்ல நாம் வாயெடுக்குமுன், அதுவரை பேசாது நின்ற மூத்த மகள் பேசினாள்.

“அம்மா, போன தீபாவளிக்கு நான் அழுதுகொண்டு வந்தேனே, மறந்துவிட்டாயா? வேலை நெருக்கடியில் ஒரே பில்லுக்கு நான் இரண்டு தடவை சீட்டு எழுதிவிட்டேன். வெளியூர்க் கடைக்கு 30 பெட்டி போகவேண்டியது, 60 பெட்டி லாரியில் ஏறிவிட்டது. கணக்குப் பார்த்தால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். நாலாம் நாள் அந்தக் கடை அண்ணாச்சியே போன் செய்தார். ‘உங்கள் சரக்கு 30 பெட்டி கூடுதலாக வந்திருக்கிறது பாப்பா, பில் அனுப்பு, பணம் அனுப்பிவிடுகிறேன்’ என்றார். அவர் சும்மா இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?”

தாயார் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சொல்ல நினைத்ததைவிட நன்றாக அவள் சொல்லிவிட்டாள்.

பட்டாசும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் செய்து நாடெங்கும் அனுப்பி வாழ்கிறவர்கள் நம் பகுதி மக்கள். அனுப்புகிறவரின் அச்சம் நமக்குத் தெரியாததன்று. பெரிய கம்பெனி என்று நாம் சொல்வதற்குப் பின்னாலும் இத்தகைய ஒரு மகள் சீட்டு எழுதிக்கொண்டிருக்கக்கூடும். இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. நம் நாட்டு விதிகளின்படி, அந்நிய முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனங்கள் தம் சொந்தச் சரக்கை வைத்து நுகர்வோருக்கு நேரடியாக விற்க இயலாது. பிற விற்பனையாளர்களுக்குச் சந்தையாக மட்டுமே விளங்கலாம். ஆகவே பெட்டியின்மேல் பெரிய பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளிருக்கும் பொருள் எங்கோ ஒரு சிறு வியாபாரியின் முதலாக இருக்கலாம். பெட்டியோடு வரும் பில்லில் விற்பவரின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

அவ்வாறின்றி, நட்டம் மெய்யாகவே ஒரு செல்வரைச் சேர்ந்தது என்றே கொள்வோம். விவிலியத்தில் யாக்கோபின் குடும்பத்தைப் பாருங்கள். நாட்டிலே பஞ்சம். பிள்ளைகள் எகிப்துக்குச் சென்று தானியம் வாங்கி வந்தனர். சாக்கை அவிழ்த்தால், கொடுத்த பணம் அப்படியே சாக்கின் வாயில் இருந்தது. எகிப்தோ செல்வம் கொழித்த பேரரசு. இவர்களோ பசித்த குடும்பம். ஆயினும் முதியவர் யாக்கோபு, ஒருவேளை அது தவறுதலாக நேர்ந்திருக்கலாம் என்றெண்ணி, அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், புதிதாக வாங்குவதற்கு வேறு பணம் கொண்டுபோகவும் பணித்தார் (தொடக்க நூல் 43:12). பிள்ளைகளும் யோசேப்பின் வீட்டு வாசலிலேயே கண்காணிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவரோ, அஞ்ச வேண்டாம், உங்கள் பணம் எனக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார். கேட்டறிந்த பிறகே அது கொடையென்று தெரிந்தது. கேட்பதற்கு முன் அது அவர்களுடையதன்று.

நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே: முதலில் தெரிவியுங்கள். பிறர் நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருப்பது நேர்மையன்று. நாம் அவரைத் தேடிச் சென்று சொல்வதே நேர்மை. புனித அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில் மிலான் நகரத்து ஏழை ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். ஓர் ஆசிரியரிடம் ஊழியம் செய்த அவர், ஏறத்தாழ 200 பொற்காசுகள் கொண்ட பை ஒன்றைக் கண்டெடுத்தார். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளுமாறு பலரும் காண அறிவிப்பு எழுதி வைத்தார். உரியவர் வந்து, அடையாளம் கூறிப் பையைப் பெற்று, மகிழ்ந்து 20 காசு கொடுத்தார், ஏழை மறுத்தார். 10 கொடுத்தார், மறுத்தார். 5 கொடுத்தார், அதையும் மறுத்தார். வற்புறுத்தல் பொறுக்காமல் இறுதியில் வாங்கிக்கொண்டவர், உடனே அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

எனினும் அளவுமீறிய ஐயமும் கூடாது. கண்பார்வை இழந்த தோபித்தின் மனைவி அன்னா, நெய்து கொடுத்த வேலைக்குக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கொண்டுவந்தபோது, அது திருட்டுப் பொருள் என்று அவர் கடிந்துகொண்டார். அதுவோ மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு. கடைக்காரர் தெரிந்தே கொடுக்கும் இனாமைப் பெற்றுக்கொள்வதில் குற்றமில்லை. அறிந்து கொடுத்தது கொடை. அறியாது வந்தது கடன்.

இத்தகைய நிலை உங்கள் வீட்டில் நேர்ந்தால் செய்யவேண்டியவை இவை.

முதலாவது, பெட்டியைப் பிரியாதீர்கள். மேல்சீட்டில் இருப்பது உங்கள் பெயர்தானா, அடுத்த தெருவினருடையதா என்று பாருங்கள். பின்னர் உங்கள் கைப்பேசிக் கணக்கைப் பாருங்கள். நீங்களே அறியாமல் இருமுறை அழுத்தி, பணமும் இருமுறை போயிருந்தால், அது உங்கள் கொள்முதலே. வேண்டாவிடில் உரிய நாட்களுக்குள் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறலாம்.

இரண்டாவது, பணம் ஒருமுறைதான் போயிருந்தால், எந்தச் செயலி வழியாக வாங்கினீர்களோ அதன் வழியாகவே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். திருப்பி அனுப்பும் செலவை அவர்களே ஏற்கும்படி கேளுங்கள். பிறர் தவறுக்கு நீங்கள் கைப்பணம் இழக்கவேண்டும் என்று நீதி கேட்பதில்லை. பதில் வராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்றாவது, ஏமாறாதீர்கள். “கூடுதல் பார்சல் வந்ததல்லவா, அந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்” என்று யாரேனும் தொலைபேசியில் கேட்டால் சொல்லாதீர்கள். பெட்டியை நிறுவனம் அனுப்பிய ஆளிடம் மட்டும், ஒப்புகை பெற்றுக்கொண்டு ஒப்படையுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நான்காவது, அறியாமல் பயன்படுத்திவிட்டால், அந்த அண்ணாச்சியைப் போல விலையைக் கொடுத்துவிடுங்கள். நிறுவனமே ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டால், அன்றுமுதல் அது உங்களுடையது. முறையாகத் தெரிவித்தும், போதிய காலம் காத்திருந்தும், எவரும் கேட்டு வராவிட்டால், உங்கள் மனச்சாட்சி குற்றமற்றது. அப்பொழுதும் அதை இல்லாத ஒருவருக்குக் கொடுத்துவிடுதல் இன்னும் சிறந்தது.

விருதுநகர்ப் பெரியவர்கள் தம் வியாபாரத்திலிருந்து மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கொடுக்கல் வாங்கலில் கணக்கு நேராக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. தராசின் முன் நின்ற அந்த நேர்மை, கைப்பேசியின் முன்னும் நிற்கவேண்டும்.

அக்குடும்பத்தார் அன்று மாலையே தெரிவித்தனர். ஆறாம் நாள் ஒரு தம்பி வந்து பெட்டியை எடுத்துச் சென்றான். அடுத்த ஞாயிறு தாயார் நம்மைக் கண்டு, “சீர்வரிசைக்கு என்ன, சீட்டுப் பணத்தில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வோம் சாமி” என்றார். இளையவன் அருகில் நின்றான். பெட்டி வந்ததையும், அம்மா ஆசைப்பட்டதையும், அக்கா பேசியதையும், பெட்டி திரும்பிப் போனதையும் அவன் பார்த்தவன். ஏழாம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் நாம் அவனுக்குக் கற்பித்தோம். அதை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை அவன் தன் வீட்டில் கற்றான். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.