ஐபேடை ஜெயிக்க மலிவு ஒன்றே போதுமா?

படவேட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரேணுகாம்பாளைத் தரிசித்து, திருநீற்றுப் பிரசாதத்தை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி விடுகிறார்கள். அங்கே இருக்கும் யோகராமர் கோயிலை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்க வேண்டிய கோயில் அது. ராமபிரான் கையில் வில் இல்லை. யோகத்தில் அமர்ந்து உபதேசம் செய்கிறார். எதிரே அனுமார் ஓலைச் சுவடியைக் கையில் ஏந்திப் படித்துக்கொண்டிருக்கிறார். கைக்கு அடக்கமாக ஒரு பலகை. அதைப் பார்த்துப் படிக்கும் ஒரு மாணவர்! இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல.

அந்தச் சுவடியின் இடத்தைப் பிடிக்க இன்று முன்வந்திருப்பது டேப்லட். இளைஞர்கள் சுருக்கமாக ‘டேப்’ என்கிறார்கள். பழைய சிலேட்டுப் பலகையின் உருவம், உள்ளே கம்ப்யூட்டர். விரலால் தொட்டால் வேலை செய்யும். புதிதாக எந்தக் கம்பெனி ஒரு டேப் கொண்டு வந்தாலும், “இதோ ஐபேடுக்குச் சரியான போட்டி வந்துவிட்டது” என்று தண்டோரா போடுவது வழக்கமாகிவிட்டது. 2010-லிருந்து இந்தத் தண்டோரா ஓயவில்லை. ஐபேடும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உலகத்தில் விற்கும் டேப்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் ஆப்பிள் கம்பெனியுடையதுதான்.

படவேட்டில் வாழை பயிரிடும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய மகள் கல்லூரிக்குப் போகிறாள். “ரெண்டும் பலகைதானே சார்? பத்தாயிரத்துக்கு ஒண்ணு காட்டுறான். முப்பத்தஞ்சாயிரத்துக்கு ஒண்ணு காட்டுறான். நடுவுல இருக்கிற இருபத்தஞ்சாயிரம் இன்னாத்துக்கு?”

பெரிய பெரிய நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தைப் பெரியவர் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். ‘ஆகாஷ்’ கதைதான் அது.

ஆகாஷ் பிறந்த கதை

ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஜனவரி 27-ந் தேதி ஐபேடை உலகத்துக்குக் காட்டினார். அமெரிக்காவில் அதன் விலை 499 டாலரில் ஆரம்பம். அது இந்தியாவுக்கு வந்து சேர ஓர் ஆண்டு ஆயிற்று. 2011 ஜனவரியில் இங்கே ஆரம்ப விலை 27,900 ரூபாய். சாமானியக் குடும்பம் கிட்டே போக முடியாத விலை.

இதற்கிடையில் 2010 ஜூலையிலேயே மத்திய மந்திரி கபில் சிபல் ஒரு மாதிரி டேப்பைக் கையில் தூக்கிக் காட்டினார். விலை 35 டாலர் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. 2011 அக்டோபர் 5-ந் தேதி டில்லியில் அது ‘ஆகாஷ்’ என்ற பெயருடன் வெளியாயிற்று. ராஜஸ்தான் ஐ.ஐ.டி. திட்டத்தைக் கவனித்தது, டேட்டாவிண்டு என்ற கம்பெனி செய்து கொடுத்தது. சர்க்கார் வாங்கிய விலை 2,276 ரூபாய். சலுகை போக மாணவருக்கு 1,750 ரூபாய். முதல் ஆர்டர் ஒரு லட்சம்.

“ஐபேடைத் தோற்கடிக்க இந்தியா செய்த டேப்” என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. நம்மவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமைப்படுவதில் தவறில்லைதான். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது.

ஐபேடின் பிராசஸர் வேகம் 1 கிகாஹெர்ட்ஸ். ஆகாஷுடையது 366 மெகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐபேடில் விரல் பட்டால் போதும். ஆகாஷில் நகத்தால் அழுத்த வேண்டும். ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐபேட் 10 மணி நேரம் உழைத்தது. ஆகாஷுக்குக் கம்பெனி சொன்ன கணக்கே 3 மணி நேரம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டேப் தூங்கிவிடும்!

இவையெல்லாம்கூட மன்னிக்கத் தக்கவை. 1,750 ரூபாய்ச் சாமானில் 28,000 ரூபாய்ச் சாமானின் வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. மன்னிக்க முடியாத குறை வேறொன்று. ஆகாஷில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆங்கிலம் தெரிந்த பட்டணத்துப் பையனுக்கு ஐபேட் வாங்கும் சக்தி உண்டு. ஆங்கிலம் வராத கிராமத்துப் பையனுக்காக ஒரு கருவி செய்கிறோம். அதில் அவன் பாஷை தெரியாது! யாருக்காகச் செய்தோம் என்பதையே மறந்துவிட்டுச் செய்த யந்திரம் எப்படிப் பிழைக்கும்?

தமிழ் விஷயத்தில் ஆப்பிள் மட்டும் தானாக வந்து தொண்டு செய்தது என்று நான் சொல்லவில்லை. ஐபேடில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே அமைந்து வந்தது 2013-ல், ஐஓஎஸ் 7 பதிப்பில்தான். அதற்கும் பின்னால் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் ‘அஞ்சல்’ உழைப்பு இருந்தது. கோலாலம்பூரில் ஒரு தமிழர் செய்த வேலையை, டில்லியில் ஒரு சர்க்கார் பல மாநிலங்களுக்காகச் செய்திருக்க முடியாதா? முடியும். விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். சோதனை முறைகளைப் பற்றி ஐ.ஐ.டி.க்கும் கம்பெனிக்கும் தகராறு. பொறுப்பு பம்பாய் ஐ.ஐ.டி.க்கு மாறிற்று. 2012 நவம்பர் 11-ந் தேதி ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி ‘ஆகாஷ் 2’ டேப்பை வெளியிட்டார். நல்ல முன்னேற்றம்: வேகம் 1 கிகாஹெர்ட்ஸ், விரல் தொட்டால் போதும், மாணவருக்கு விலை 1,130 ரூபாய். அதே மாதம் ஐக்கிய நாடுகள் சபையிலும் காட்டினார்கள். ஆனால் முதலில் சொன்ன ஒரு லட்சத்தைக் கொடுத்து முடிப்பதே 2013 வரை இழுத்தது. 2015-ல் திட்டம் முடிவுக்கு வந்தது. கோடிக்கணக்கான மாணவர்கள் என்று சொன்ன இடத்தில் ஒரு லட்சத்தோடு கதை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே டேட்டாவிண்டு கம்பெனி தன் மலிவு டேப்களைக் கடையில் விற்று, 2015, 2016-ல் சில காலாண்டுகளில் இந்தியாவில் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது. சாம்சங்கையே முந்தியது! ஆகவே மலிவாக விற்றால் முதலிடத்துக்கு வர முடியும் என்பது நிரூபணமான விஷயம். அங்கேயே உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. சில வருஷங்களில் அந்தக் கம்பெனி மார்க்கெட்டிலிருந்தே மறைந்துவிட்டது. அதனிடம் வாங்கியவர்கள் பழுது பார்க்க யாரிடம் போவார்கள்?

விலையைச் சமமாக வைத்தவர் கதி

மலிவாக விற்றால் ஆபத்து என்றால், சம விலைக்கு விற்றுப் பார்க்கலாமே என்று கேட்கலாம். அதையும் ஒருவர் செய்து பார்த்தார். அமெரிக்காவின் ஹெச்.பி. கம்பெனி 2011 ஜூலை 1-ந் தேதி ‘டச்பேட்’ என்ற டேப்பை ஐபேடின் விலைக்கே, 499 டாலருக்கு, கொண்டு வந்தது. ஆகஸ்டு 18-ந் தேதி “இனி செய்யப்போவதில்லை” என்று அறிவித்தது. 49 நாள்! மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளியபோது ஜனங்கள் கியூவில் நின்று வாங்கினார்கள். அது வியாபாரமல்ல, கடையைக் காலி செய்வது.

அதே வருஷக் கடைசியில் அமேசான் 199 டாலருக்கு ‘கிண்டில் ஃபயர்’ விற்றது. ஐபேடைவிடச் சிறியது. அதில் காமிரா கிடையாது. ஆனாலும் அது நிலைத்தது. காரணம் ரகசியமல்ல. டேப்புக்குள் படிக்கப் புத்தகம் இருந்தது, பார்க்கப் படம் இருந்தது, கேட்கப் பாட்டு இருந்தது. பாத்திரத்தை மட்டும் விற்காமல் பாத்திரத்தோடு சோற்றையும் விற்றவர் பிழைத்தார்.

பெரியவர் கேள்விக்கு வருவோம்

நடுவில் இருக்கும் அந்த 25,000 ரூபாய் எதற்காக? வேகத்துக்கும் கண்ணாடிப் பளபளப்புக்கும் கொஞ்சம். ஆப்பிள் படம் போட்ட பெருமைக்குக் கொஞ்சம், இதை மறைப்பானேன்? ஆனால் பெரும் பகுதி ஆயுளுக்காக.

டேப் என்பது வாங்கிய அன்றைக்கு இருப்பதுபோல் என்றும் இருக்கும் சாமான் அல்ல. உள்ளே ஓடும் மென்பொருளைக் கம்பெனி வருஷா வருஷம் புதுப்பித்துத் தர வேண்டும். தராவிட்டால் கண்ணாடி உடையாமலே டேப் கிழடாகிவிடும். பாங்கி செயலி வேலை செய்யாது. பாடச் செயலி திறக்காது. 2011-ல் வந்த ஐபேட் 2-க்கு 2015-ல் வெளியான ஐஓஎஸ் 9 பதிப்பும் கிடைத்தது. அந்த நாளில் வேறு யாரும் இப்படிச் செய்யவில்லை. ஐபேடின் நாற்காலிக்கு இதுதான் கால்.

வாழைக்காரருக்கு வாழைக் கணக்கிலேயே சொன்னேன். “ஐயா, ஒரு தாரோடு வெட்டி எறிகிற தோட்டம் ஒன்று, மறுதாம்பு விட்டு அடுத்த தாரும் எடுக்கிற தோட்டம் ஒன்று. குத்தகை இரண்டுக்கும் ஒன்றாக இருக்குமா?” பெரியவர் சிரித்தார். 34,900 ரூபாய் ஐபேட் ஏழு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 5,000 ரூபாய். 10,000 ரூபாய் டேப் இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டால் அதற்கும் வருஷத்துக்கு 5,000 ரூபாய். மூன்று வருஷம் ஓடினால் மலிவு டேப்பே லாபம்.

அப்படியானால் எல்லாரும் ஐபேடே வாங்க வேண்டும் என்பதா என் அபிப்பிராயம்? இல்லவே இல்லை. அந்தக் கணக்கில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. ஏழு வருஷம் கீழே விழாமல் இருக்க வேண்டும். மழையில் நனையாமல் இருக்க வேண்டும். ஐபேடின் கண்ணாடி உடைந்தால் சந்தவாசல் கடைத்தெருவில் மாற்றிவிட முடியாது. பெரிய ஊருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஆகும் செலவில் ஒரு மலிவு டேப்பே வாங்கலாம். ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இன்னும் சங்கடம். அங்கே பல ஊர்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் பாடம் திறக்கிற டேப்தான் அவர்களுக்கு டேப். அது எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன?

புதிய போட்டியாளருக்கு வழி இருக்கிறது என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். ஐபேடின் பலம் எல்லாம் பணக்கார ஊர்களில் செல்லுபடியாகிற பலம். போளூரில் கிடைக்கிற கண்ணாடி, கிராமத்து மெக்கானிக் மாற்றக்கூடிய பாட்டரி, உள்ளேயே ஏற்றி வைத்த தமிழ்ப் பாடங்கள், ஐந்து வருஷம் மென்பொருள் தருவேன் என்ற எழுத்து மூலமான வாக்குறுதி: இவற்றோடு 12,000 ரூபாயில் ஒருவன் வந்தால், படவேட்டில் ஐபேட் இரண்டாம் இடம்தான். சாம்சங் தன் டேப்களில் சிலவற்றுக்கு ஏழு வருஷம் மென்பொருள் தருவதாகச் சொல்கிறது. அந்த வாக்கு எல்லா மலிவு டேப்களுக்கும் வந்தால் அல்லவா விசேஷம்!

சர்க்கார் நினைத்தால்

இந்த வாக்கைத் தனி மனிதர் ஒருவர் கேட்டால் கம்பெனி காது கொடுக்காது. லட்சக்கணக்கில் வாங்குகிற சர்க்கார் கேட்டால் ஓடி வரும். அந்தச் சக்தி நம் மாநிலத்துக்கு நிறையவே உண்டு. ஆகாஷ் வெளியாவதற்கு இருபது நாள் முன்னால், 2011 செப்டம்பர் 15-ந் தேதி, தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பின்வந்த வருஷங்களில் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டன. டில்லி ஒரு லட்சத்தில் நின்றது. சென்னை 50 லட்சத்தைத் தாண்டியது. 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய 80,000 டேப்கள் தரப்பட்டன. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தார்கள். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது மடிக்கணினிக்கு. கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் விசைப்பலகை வேண்டிய மாணவர்களுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

டேப்பின் முறை மறுபடியும் வரும். அப்போது டெண்டர் தாளில் எத்தனை அங்குலம், எத்தனை ஜி.பி. என்று கேட்பதோடு, இன்னும் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் மென்பொருள் தருவாய்? உடைந்த கண்ணாடியை எந்தத் தாலுகாவில், எத்தனை ரூபாய்க்கு மாற்றித் தருவாய்? சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் எந்தெந்தப் பாடம் திறக்கும்? இம்மூன்றுக்கும் பதில் எழுதாத கம்பெனியின் கவரை, விலையைப் பார்க்காமலே ஒதுக்கி வைக்க வேண்டும்.

படவேட்டுப் பெரியவர் இன்னும் எந்த டேப்பும் வாங்கவில்லை. தார் வெட்டுகிற வரை பொறுத்திருக்கிறார். “கண்ணாடி மாத்த எவ்வளவு ஆவும்னு கேட்டுட்டுத்தான் வாங்குவேன் சார்” என்றார்.